இரு கரையிலும் இரவல் கூரை: வெளிநாடு செல்லும் மலையக உழைப்பு எவர் பெயரில் சேர்கிறது?

கொத்மலைப் பிரதேசத்தின் பூண்டுலோயா, இறம்பொடை தோட்டங்களிலிருந்தும், அதனை அண்டிய நாவலப்பிட்டி, கம்பளை, புசல்லாவை நகரங்களின் முஸ்லிம் குடும்பங்களிலிருந்தும் தொழில் தேடி வளைகுடா நாடுகளுக்குச் செல்வது புதிய செய்தியல்ல. தோட்டத்துப் பெண்கள் வீட்டுப் பணிப்பெண்களாகவும், நகரத்து இளைஞர்கள் சாரதிகளாகவும் கடைச் சிப்பந்திகளாகவும் ஒரு தலைமுறைக்கு மேலாகச் சென்று வருகின்றனர். எந்த நாடு, என்ன சம்பளம், எப்போது விமானம் என்ற மூன்று கேள்விகளுக்கும் புறப்படும் வீட்டில் விடை தயாராக இருக்கும். ஆனால் உழைக்கும் பணம் எவர் பெயரில் சேரும், ஒப்பந்தம் முடிந்து திரும்பி வருபவர் எந்தக் கூரையின் கீழ் வாழ்வார் என்ற கேள்விகள் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அவற்றுக்கு விடை தேடாமல் புறப்பட்டவர்கள் பலர், பத்து ஆண்டுகள் உழைத்த பின்னரும் புறப்பட்ட அதே லயன் அறைக்கே திரும்பியிருக்கின்றனர்.

நாடு தன் கணக்கைச் சரியாகவே பார்க்கிறது. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழிலுக்காக இலங்கையை விட்டு வெளியேறினர். அவ்வாண்டில் சுமார் 380 கோடி டொலராக வீழ்ச்சியடைந்திருந்த வெளிநாட்டுப் பணவனுப்பல், 2024 இல் சுமார் 660 கோடி டொலராக உயர்ந்தது. அந்நியச் செலாவணியைப் பொறுத்தவரை இவர்கள் நாட்டைத் தாங்கி நிற்கும் தூண்கள் எனப் புகழப்படுகின்றனர். எனினும் நாட்டின் கணக்கு வேறு, குடும்பத்தின் கணக்கு வேறு. குடும்பக் கணக்கில் எஞ்சுவது என்ன என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், அரசாங்கம் வழங்கும் 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து அதனை 1,750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. விலைவாசி ஏறிய வேகத்துடன் ஒப்பிடுகையில் இவ்வுயர்வுகள் போதுமானவை அல்ல என்பதை எவரும் அறிவர். ஆகவே, செல்வது சரியா தவறா என்ற விவாதம் வயிற்றுப் பசியின் முன் பொருளற்றதாகி விடுகிறது. எவ்வாறு ஆயத்தம் செய்து செல்வது என்பதே பயனுள்ள விவாதமாகும்.

பழைய துண்டும் புதிய முற்பணமும்

மலையக மக்களின் வரலாறே ஒரு கடல் கடந்த தொழிற்பயணத்தின் வரலாறுதான். தமிழகத்திலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த மக்கள் தோட்டத்தில் கால் வைக்கும்போதே பயணச் செலவு, முற்பணம் என்ற பெயர்களில் கடனாளிகளாக இருந்தனர். ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமாயின் அவர் மீதுள்ள கடன் தொகை எழுதப்பட்ட 'துண்டு' தேவைப்பட்டது. அத்தொகையைப் புதிய தோட்டம் செலுத்தினால் மட்டுமே அவருக்கு விடுதலை கிடைத்தது. இம்முறை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது.

ஆனால் துண்டின் நிழல் இன்னும் அகலவில்லை. இன்று தோட்டத்துக்கு வரும் உப முகவர், வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்லச் சம்மதிக்கும் பெண்ணின் குடும்பத்துக்குக் கையில் ரொக்கமாக முற்பணம் கொடுக்கிறார். நுண்கடன் தவணையும் அடகுக் கடையின் வட்டியும் நெருக்கும் வீட்டில் அப்பணம் ஒரு வாரத்தில் கரைந்து விடுகிறது. அதன் பின்னர் ஒப்பந்தத்தில் உள்ள நாடோ சம்பளமோ வேலையோ மாறியிருப்பது தெரிய வந்தாலும், பணத்தைத் திருப்பித் தர இயலாத காரணத்தால் அப்பெண் புறப்பட்டே ஆக வேண்டியவளாகிறாள். முற்பணம் பெறுவது குற்றமல்ல. ஆனால் அது எதற்காகத் தரப்படுகிறது, சம்பளத்திலிருந்து கழிக்கப்படுமா, இடையில் திரும்பினால் மீளச் செலுத்த வேண்டுமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதி வைக்குமாறு பணிப்பதே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை முஸ்லிம் வாசகர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை.

தொழிலும் கூரையும் ஒரே கையில்

லயன் அறை தொழிலாளியின் சொத்தல்ல. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் நீண்டகாலக் குத்தகையில் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, உழைப்பு மட்டுமே தொழிலாளியுடையது என்பதே நிலை. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யாவிடில், அந்த அறையில் தொடர்ந்து குடியிருப்பதே கேள்விக்குள்ளாகலாம் என்ற அச்சம் இன்றும் உண்டு.

இதே பெண் சவூதி அரேபியாவுக்கோ குவைத்துக்கோ சென்றால் அங்கும் நிலைமை ஏறத்தாழ இதுவே. 'கபாலா' எனப்படும் பொறுப்பாளர் முறையின் கீழ் அவளது வதிவிட அனுமதி எஜமானரின் பெயரோடு பிணைக்கப்பட்டுள்ளது. வேலையும் உணவும் உறங்கும் அறையும் சட்டபூர்வமாக அந்நாட்டில் தங்கும் உரிமையும் ஒரே கையில் இருக்கின்றன. வேலையை இழப்பவர் அன்றே கூரையையும் வதிவிடத்தையும் இழக்கிறார்.

இங்கும் இரவல் கூரை, அங்கும் இரவல் கூரை. கனடாவிலோ ஐரோப்பாவிலோ குடியேறியவர்களுக்கு நாளடைவில் நிரந்தர வதிவிடமும் பிரஜாவுரிமையும் கிடைக்கக்கூடும். வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணியாளருக்கு அவ்வாய்ப்பு இல்லை. திரும்பி வருவது என்பது நிச்சயிக்கப்பட்ட ஒன்று. ஆகவே, இவ்விரு கரைகளுக்கும் இடையில் தன் பெயரில் நிறுத்தக்கூடிய ஒரே பொருள் உழைத்த பணம் மட்டுமே. அதுவும் பிறர் பெயரில் சேர்ந்தால் எஞ்சுவது எதுவுமில்லை.

பெயரிலிருந்து தொடங்க வேண்டும்

தன் பெயரில் சேமிப்பதற்கு முதலில் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். மலையகத்தில் இது சிறிய விடயமல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள், 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கடந்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்துடனேயே எஞ்சிய சிக்கலிலிருந்து விடுபட்டனர். அந்நீண்ட காலத்தில் பிறப்புப் பதிவில் ஒரு பெயர், தோட்டப் பதிவேட்டில் வீட்டில் அழைக்கும் பெயர், அடையாள அட்டையில் எழுத்து மாறிய இன்னொரு பெயர் என்ற குழப்பம் பல குடும்பங்களில் நிலைத்து விட்டது. தோட்டத்தில் இருக்கும்வரை அது தொல்லை தராது. வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, காணி உறுதி, காப்புறுதி என்று வரும்போது ஒவ்வொரு கதவும் அடைபடும். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிலும் ஆட்பதிவுத் திணைக்களத்திலும் பெயரையும் பிறந்த திகதியையும் ஒன்றாகத் திருத்திக் கொள்வது முதற்கடமையாகும்.

பொய்யான ஆவணம் எவ்வளவு பெரிய விலையைக் கோரும் என்பதை மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கின் முடிவு நமக்கு உணர்த்தியது. பிறப்புச் சான்றிதழின்படி 17 வயதேயான அவர், 23 வயது எனக் காட்டும் கடவுச்சீட்டுடன் 2005 ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். பராமரிப்பில் இருந்த குழந்தையின் மரணத்துக்காகக் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சம்பவத்தின்போது அவர் சிறுமி என்ற வாதத்துக்கு எதிராக நின்றது, முகவர் திருத்திக் கொடுத்த அந்தக் கடவுச்சீட்டே.

வதிவிடம் என்பது ஓர் அட்டை மட்டுமல்ல

சுற்றுலா வீசாவில் சென்று அங்கே வேலை வீசாவாக மாற்றிக் கொள்ளலாம் என்று கூறும் முகவரை நம்பலாகாது. அவ்வாறு ஐக்கிய அரபு இராச்சியத்தின் வழியாக ஓமானுக்குக் கொண்டு செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் சிக்குண்ட கதை 2022 ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டையே உலுக்கியது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து செல்பவருக்கே காப்புறுதியும், தூதரகத்தின் மூலம் முறைப்பாட்டை முன்னெடுக்கும் வழியும் எளிதாகக் கிடைக்கின்றன. முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதைப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டறியலாம்.

சென்றடைந்த பின்னர் கவனிக்க வேண்டியது வதிவிட அனுமதி. சவூதி அரேபியாவில் 'இக்காமா' எனப்படும் இவ்வட்டையை, வந்து 90 நாட்களுக்குள் எஜமானர் தன் செலவில் பெற்றுத் தர வேண்டும். அது இல்லாமல் வங்கிக் கணக்கு திறக்கவோ, முறையாகப் பணம் அனுப்பவோ இயலாது. பணம் உண்டியலுக்குச் செல்வதற்கும் பல வேளைகளில் இதுவே காரணம். கட்டார் 2020 ஆம் ஆண்டில், வீட்டுப் பணியாளர் உட்பட அனைவரும் எஜமானரின் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறவும் வேலை மாறவும் வழி செய்தது. குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால் என்பது 2021 மார்ச் முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது. குவைத்தின் 2015 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரின் கடவுச்சீட்டை எஜமானர் பறித்து வைப்பதைத் தடை செய்கிறது. சட்டம் இருந்தும் மீறல்கள் நிகழ்கின்றன என்பது உண்மையே. எனினும் உரிமை எதுவென அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் முறைப்பாட்டு மேசையின் முன் வேறுபாடு உண்டு. கடவுச்சீட்டு, வீசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதியொன்று ஊரில் நம்பிக்கையானவரிடம் இருப்பது அவசியம்.

அனுமதி காலாவதியான பின்னர் அங்கேயே மறைந்து உழைப்பது இலாபம் போலத் தோன்றும். தண்டப்பணம் நாள்தோறும் ஏறும், நோயுற்றால் மருத்துவமனை வாசலையும் மிதிக்க இயலாது. இவ்வாறு சிக்கியவர்களுக்கு 2024 ஆம் ஆண்டில் குவைத்தும் ஐக்கிய அரபு இராச்சியமும் பொது மன்னிப்புக் காலம் வழங்கின. அத்தகைய அறிவிப்பு வரும்போது தயங்காது பயன்படுத்திக் கொள்வதே அறிவுடைமை.

இரண்டு கணக்குகள்

புறப்படும் முன்னர் உழைப்பவர் தன் பெயரில் இரண்டு வங்கிக் கணக்குகளைத் திறக்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. ஒன்று குடும்பச் செலவுக்கானது. கணவரோ தாயோ பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக அது இருக்கலாம். மற்றது தன் பெயரில் மட்டும், வேறெவரும் கைவைக்க இயலாத சேமிப்பு. மாதம் ஓர் இலட்சம் ரூபா அனுப்பும் ஒருவர் அதில் 30,000 ரூபாவை இரண்டாவது கணக்கில் இட்டால், இரண்டாண்டு ஒப்பந்தம் முடியும்போது வட்டியோ இலாபமோ சேராமலேயே 7,20,000 ரூபா இருக்கும். முழுப் பணமும் கணவரின் கணக்குக்குச் சென்ற வீடுகளில் இத்தொகை மதுவாகவும் தவணைக்கு வாங்கிய முச்சக்கர வண்டியாகவும் உறவினருக்குக் கொடுத்துத் திரும்பாத கடனாகவும் மாறியிருக்கிறது. இது கணவரை நம்பாமையல்ல. குடும்பத்தின் நாளைய தேவையை இன்றைய தேவையிடமிருந்து காப்பாற்றும் ஏற்பாடு.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. தேசவழமைச் சட்டம் வட மாகாணத் தமிழருக்கே உரியது. மலையகத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டமே பொருந்தும். 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனச் சட்டத்தின்படி மனைவியின் உழைப்பும் அதனால் பெற்ற சொத்தும் அவளுக்கே உரியன. மனைவியின் சம்பாத்தியம் அவளது தனிச் சொத்து என்பதில் இஸ்லாமியச் சட்டத்திலும் ஐயமில்லை. வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம்களுக்கு, 2011 முதல் இயங்கும் அமானா வங்கியிலும், வேறு சில வர்த்தக வங்கிகளின் தனிப் பிரிவுகளிலும் வட்டியற்ற கணக்குகள் உள்ளன. பணத்தை வெளிநாட்டு நாணயமாக வைத்திருக்க விரும்புவோருக்கு, 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் பின்னர் பழைய கணக்கு வகைகள் ஒன்றிணைக்கப்பட்டு, தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்ற வசதி நடைமுறையில் உள்ளது.

உண்டியல் பற்றியும் கூற வேண்டும். 2021 இன் பிற்பகுதியிலும் 2022 இன் ஆரம்பத்திலும் வங்கியின் டொலர் விலை 200 ரூபா அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, வெளியில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. மக்கள் உண்டியலை நாடியதில் வியப்பில்லை. 2022 மார்ச்சில் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட பின்னர் அந்தக் காரணம் வலுவிழந்தது. வங்கியால் அனுப்பிய பணத்துக்குப் பதிவு இருக்கிறது. பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது அதுவே வருமானச் சான்று. கணவன் மனைவிக்கிடையில் தகராறு நேர்ந்தால் அதுவே சாட்சி. உண்டியல்காரர் கைவிட்டால் முறையிடுவதற்கோ எந்த இடமும் இல்லை.

சம்பளத்தை எஜமானரிடமே விட்டு வைத்து இறுதியில் மொத்தமாகப் பெறுவதும் ஆபத்தானது. 2019 இன் பின்னர் லெபனானில் பொருளாதாரம் சரிந்தபோது இவ்வாறு காத்திருந்த பணிப்பெண்கள் பலர் வெறுங்கையுடன் வீதிக்கு வந்தனர். மாத முடிவில் பெற்று மாத முடிவிலேயே அனுப்புவதே பாதுகாப்பு. ஊரிலும் அதிக இலாபம் காட்டும் நிதித் திட்டங்களை ஐயத்துடன் நோக்க வேண்டும். பிரமிட் திட்டங்கள் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் வைப்பாளர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு, வேறெங்கும் இல்லை.

தோட்டத்தில் வேலை செய்த காலத்தின் ஊழியர் சேமலாப நிதியையும் மறக்கலாகாது. தொழிலாளியின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் சேர்ந்த அப்பணத்தை, ஒப்பந்த வேலைக்காக வெளிநாடு செல்வதனால் மட்டும் மீளப் பெற முடியாது. பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் அது உரித்தாகும். தோட்டத்திலிருந்து பெயரை நீக்குமுன் அங்கத்துவ இலக்கத்தையும் நிலுவைக் கூற்றையும் பெற்று வைக்க வேண்டும்.

லயன் அறையிலா, சொந்தக் காணியிலா?

வெளிநாட்டுப் பணத்தின் முதல் அடையாளம் லயன் அறையின் முன் எழும் புதிய விறாந்தை, தரைக்குப் பதித்த மாபிள், இரும்புக் கதவு ஆகியனவே. மழை ஒழுகும் அறையில் பிள்ளைகளை விட்டுச் சென்ற தாய் முதலில் கூரையைத் திருத்த நினைப்பது இயல்பு. அதனைக் குறை கூற முடியாது. ஆனால் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய திருத்தம் வேறு, இலட்சக்கணக்கில் செலவிட்டுக் கட்டுவது வேறு. தோட்டத்தின் நிலத்தில் கட்டியதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பிள்ளைகளுக்கு உறுதி எழுதிக் கொடுக்கவும் முடியாது.

2015 இன் பின்னர் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியுடன் தனி வீடு என்பது அரச கொள்கையாகப் பேசப்பட்டது. இந்திய உதவியுடன் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் அத்திசையில் அமைந்தவை. தேவையுடன் ஒப்பிடுகையில் இவை சிறிதளவே. எனினும் பயனாளிப் பட்டியல் தயாராகும் வேளையில் வெளிநாட்டில் இருப்பவரின் பெயர் விடுபட்டுப் போகலாம். ஆகவே வருடாந்த வாக்காளர் இடாப்பு மீளாய்வின்போதும், கிராம உத்தியோகத்தரின் பதிவிலும் பெயர் தொடர்ந்து இருப்பதைக் குடும்பத்தினர் உறுதி செய்ய வேண்டும். வீடு கிடைக்கும்போது உறுதியில் கணவன், மனைவி இருவரின் பெயரும் இடம்பெற வேண்டும் எனக் கோருவதில் தவறில்லை.

வெளியில் காணி வாங்குவோர் அவசரப்படக் கூடாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. வெறும் கடதாசியில் கையொப்பமிட்டு வாங்கிய காணி காணியல்ல. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தால் வழங்கப்பட்ட அரச காணிகளைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இவ்வகைக் காணியே. சட்டத்தரணி ஒருவர் மூலம் காணிப் பதிவகத்தில் தோம்பைப் பரிசீலித்த பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்தே வாங்குவதாயின் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் தேவை. 'எல்லா அதிகாரமும்' என்று எழுதிக் கொடுப்பதைத் தவிர்த்து, இந்தக் காணியை என் பெயரில் வாங்குவதற்கு மட்டும் என வரையறுத்து எழுத வேண்டும்.

மண்சரிவும் மறக்க முடியாத ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் ஏற்படுத்திய அழிவு நம் கண்முன் நிற்கிறது. வாங்கும் காணி வீடு கட்ட ஏற்றதா என்பது பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெறுவது வெறும் சம்பிரதாயமல்ல. இருபது ஆண்டு உழைப்பு ஓரிரவில் மண்ணோடு போகாதிருக்க அதுவே காப்பு.

பொறுப்பு எவருடையது?

இத்தனை ஆயத்தங்களையும் தனியொரு பெண்ணின் தலையில் சுமத்தி விட்டு நாம் ஒதுங்க முடியாது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய தாய்மார் செல்வதை 2013 இல் தடுத்து, 2022 இல் அவ்வயதை 2 ஆகக் குறைத்த அரசாங்கம், தாயின் கடமையைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவளது சேமிப்பைப் பற்றிப் பேசவில்லை. பயணத்துக்கு முந்திய பயிற்சியில் வங்கிக் கணக்கும் காணிச் சட்டமும் தமிழில் கற்பிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் சந்தா பெறும் தொழிலாளியை மட்டுமன்றி, தோட்டத்திலிருந்து பெயர் நீங்கிச் சென்றவரையும் தம் உறுப்பினராகக் கருத வேண்டும். கோவில்களும் பள்ளிவாசல்களும் புறப்படும் குடும்பத்தை அழைத்து ஆவணங்களைப் பார்வையிட ஓர் ஆசிரியரையோ சட்டத்தரணியையோ ஏற்பாடு செய்தால், அது பெரும் தருமமாகும்.

கொத்மலை மக்கள் நிலத்தின் அருமையை அறியாதவர்கள் அல்லர். மகாவலி துரித அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் 1980களில் நீர்த்தேக்கம் அமைந்தபோது வீடும் வயலும் நீரில் மூழ்கியதைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். இருநூறு ஆண்டுகள் பிறர் நிலத்தில் உழைத்த மலையக மக்களுக்கு, கடல் கடந்த இவ்வுழைப்பு ஒரு துண்டு நிலத்தையேனும் சொந்தமாக்கித் தர வேண்டும். அதற்கு முதற்படி, சேமிப்புப் புத்தகத்திலும் காணி உறுதியிலும் உழைப்பவரின் பெயர் எழுதப்படுவதே.